விதி 4-ஐ எப்படி எழுதுவது? ஸ்ட்ரீமிங் ஆட்-ஆன்களும் ‘பைரசி வேண்டாம்’ என்ற ஒற்றை வரியும்

#1 · பனங்காடு (நெறியாளர்)

எல்லாருக்கும் வணக்கம். கோடி போன்ற, டிவியில் வீடியோ பார்க்கும் இலவச மென்பொருள்களுக்கான நம் உதவிக் குழுவின் விதி 4-ஐத் திருத்தி எழுதப் போகிறோம். இப்போது இருப்பது ஒரே வரி: “பைரசி தொடர்பான பேச்சுக்கு இங்கே இடமில்லை.” எழுதியபோது போதும் என்றுதான் இருந்தது. இன்றைக்கு அதை வைத்து நெறியாளர்களுக்குள்ளேயே சண்டை. ஒருவர் எம்3யூ (சேனல் லிங்க் கோப்பு) பட்டியல் பற்றிய கேள்வியைப் பூட்டுகிறார். அதே கேள்வி அடுத்த வாரம் வந்தால் இன்னொருவர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறார்.

அப்பட்டமான திருட்டு ஆட்-ஆன்களில் (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்கள்) யாருக்கும் குழப்பம் இல்லை. திரையரங்கில் ஓடும் படத்தைக் காட்டும் ஆட்-ஆன் எந்த வகை என்று யாரும் கேட்பதில்லை. நடுவில் கிடப்பவைதான் தலைவலி. கோடியின் அதிகாரபூர்வ ரெப்போவிலேயே (ஆட்-ஆன் கிடங்கு) கிடைக்கும் ஐபிடிவி சிம்பிள் கிளையன்ட் என்ற இணைய டிவி ஆட்-ஆனில் போடுகிற லிங்க் பட்டியல், சொந்தச் சந்தாவில் ஓடும் நெட்ஃபிளிக்ஸ் ஆட்-ஆன், டெப்ரிட் சேவைகள் (காசு கட்டினால் கோப்பை வேகமான சர்வர் வழியாகத் தருபவை), காசு கொடுத்து வாங்கிய டிவிடியை ரிப் செய்து (கணினியில் நகலெடுத்து) ஜெல்லிஃபின் என்ற வீட்டு மீடியா சர்வரில் ஏற்றுவது, விபிஎன் போட்டு (இருக்கும் நாட்டை மறைத்து) வெளிநாட்டு டிவி பார்ப்பது. இவற்றில் எது உள்ளே, எது வெளியே? காரணத்தோடு சொல்லுங்கள். “எல்லாரும்தான் பாக்குறாங்க” என்ற வாதம் மட்டும் வேண்டாம், அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

#2 · பை_பிரியன்

இதுக்கு ஏன் பாஸ் இவ்ளோ யோசனை? கோடி டீமே தடை செஞ்ச ஆட்-ஆன், ரெப்போ பட்டியலை விக்கியில வெச்சிருக்காங்க. அதை அப்படியே எடுத்து ஒட்டிடுங்க. பேர் இருந்தா பூட்டு, இல்லேன்னா பேசலாம். நெறியாளருக்கும் வேலை மிச்சம்.

#3 · லாக்_பாத்து_சொல்றேன்

பட்டியல் வெச்சு ஓட்ட முடியாது தம்பி. எக்சோடஸ்னு ஒரு திருட்டு ஆட்-ஆன் போச்சு, கவனன்ட்னு இன்னொண்ணு வந்துச்சு. 2017 நவம்பர்ல ஹாலிவுட் தரப்புக் கடிதம் கிடைச்சதும் கவனன்ட் இருந்த கொலாசஸ் ரெப்போவே மூடிட்டாங்க. அப்புறம் அதே நிரலை எடுத்து பிளசென்டா, எக்சோடஸ் ரீடக்ஸ்னு ஆளாளுக்கு ஃபோர்க் (நகல் பதிப்பு) போட்டாங்க. பைத்தான் நிரல் தானே, ஆட்-ஆன்.எக்ஸ்எம்எல் ஃபைல்ல பேரையும் ஐடியையும் மாத்தினா புது ஆட்-ஆன். நீங்க பட்டியலைப் புதுப்பிக்கிறதுக்குள்ள அவன் மூணு பேர் மாத்திடுவான்.

இன்னொண்ணு, அந்தப் பட்டியல் நம்ம பக்கத்துல இருந்தா எதைத் தேடி நிறுவணும்னு நாமளே விளம்பரம் பண்ற மாதிரி ஆயிடும். “எந்த ஆட்-ஆன் நல்லாருக்கு”ன்னு கேட்டு பூட்டு வாங்கினவன், அடுத்த நிமிஷம் விதிப் பக்கத்துலயே பதிலைப் படிச்சுட்டுப் போவான்.

#4 · ஸ்காபரோ_சித்தப்பா

நான் கனடாவிலயிருந்து எழுதுறன். இஞ்ச ஆட்-ஆன் எண்டா என்னவெண்டே தெரியாத சனம்தான் கூட. அவையளுக்குத் தெரிஞ்சது டிவியில மாட்டுற “பெட்டி”. கடையில போய்க் காசைக் குடுத்து, ரசீதும் வாங்கிக்கொண்டு வருவினம். தமிழ்ச் சனல் முழுக்க ஓடும். ரசீது இருக்கு, கடைக்குப் பேர்ப்பலகை இருக்கு, பிறகு எப்பிடி அது களவு எண்டு கேப்பினம். அவையளைக் குறை சொல்லவும் ஏலாது.

2016 ஜூனில பெல், ரோஜர்ஸ், விடியோட்ரான் எண்ட கேபிள் கம்பனியள் எல்லாரும் சேந்து ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய், ஆட்-ஆன் ஏத்தி விக்கிற கடைக்காரருக்கு இடைக்காலத் தடை வாங்கினவை. கடைக்காரர் சொன்ன வாதம் கேட்டுப் பழகினதுதான்: “நாங்கள் விக்கிறது வெறும் கருவி, கணினி மாதிரி ஒண்டு, வாங்கிறவர் என்ன செய்யிறார் எண்டதுக்கு நாங்கள் பொறுப்பில்லை.” கோர்ட் அதை எடுக்கேல்லை. நீங்கள் வெறும் கருவி விக்கேல்லை, இனி கேபிளுக்குக் காசு கட்டத் தேவையில்லை எண்டு சொல்லி, அதுக்கெண்டே தயார் பண்ணி வித்தனீங்கள் எண்டதுதான் விசயம்.

அதால என்ர கருத்து: ஆட்-ஆன் பேரைப் பாக்காதேங்கோ. ஆள் என்ன செய்யக் கேக்கிறார் எண்டதைப் பாருங்கோ.

#5 · பை_பிரியன்

அப்போ சித்தப்பா, காசு குடுத்துப் பார்த்தாலும் தப்பு, ஓசியில பார்த்தாலும் தப்பா? நான் டெப்ரிட்டுக்குச் சந்தா கட்றேன். கார்டுல கட்டி இன்வாய்ஸ் எல்லாம் வருது.

#6 · லாக்_பாத்து_சொல்றேன்

தம்பி, காசு யாருக்குப் போகுதுன்னு பாரு. டெப்ரிட்டுக்குக் கட்டுறது வேகமான சர்வருக்கு. அந்தப் படத்தை எடுத்தவனுக்கு அதுல ஒத்தப் பைசா போறதில்ல. பிராட்பேண்ட் பில்லைக் காட்டி நான் காசு குடுத்துத்தான் படம் பார்த்தேன்னு சொல்ல முடியுமா?

அதுக்காக டெப்ரிட்ங்கிற வார்த்தையையே தடை பண்ணணும்னும் சொல்ல மாட்டேன். தன்னோட ஃபைலைத் தானே இறக்குறதுக்கும் அதைப் பயன்படுத்தலாம். ஆனா கோடி ஆட்-ஆனோட சேர்த்து ஒருத்தர் அதைப் பத்திக் கேக்கும்போது எதுக்குக் கேக்குறார்னு நமக்குத் தெரியாமலா இருக்கு? சும்மா தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம்.

#7 · நீதிமன்றவாசல்

சட்டம் படித்தவன் என்ற முறையில் சில விஷயங்கள். இது சட்ட ஆலோசனை அல்ல, விதி எழுதுவதற்கு உதவும் பின்னணி மட்டும்.

ஐரோப்பிய நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகளை வரிசையாகப் படித்தால் கோடு எப்படி நகர்ந்தது என்று தெரியும். 2014-இல் ஸ்வென்சன் வழக்கு: உரிமையாளரே எல்லோருக்கும் திறந்து வைத்ததற்கு லிங்க் கொடுப்பது மீறல் இல்லை. 2016-இல் ஜிஎஸ் மீடியா: அனுமதியில்லாமல் ஏற்றப்பட்டதற்கு லிங்க் கொடுத்தால், கொடுத்தவருக்கு அது தெரியுமா என்பது கேள்வி. லாப நோக்கில் கொடுத்தால் தெரிந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளப்படும். 2017 ஏப்ரலில் ஃபில்ம்ஸ்பீலர்: ஆட்-ஆன்களை முன்கூட்டியே ஏற்றிய பெட்டியை நெதர்லாந்தில் ஒருவர் விற்றார். பெட்டியை விற்பதே பொதுமக்களுக்குப் படைப்பைக் கொண்டு சேர்க்கும் செயல் என்று தீர்ப்பு. இலவசமாகப் படம் பார்க்கலாம் என்று அவரே விளம்பரம் செய்திருந்தது அவருக்கு எதிராகத் திரும்பியது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை: பார்க்கும்போது கருவியில் உருவாகும் தற்காலிகப் பிரதிக்கும் விலக்கு கிடையாது என்றார்கள். “டவுன்லோட் செய்யவில்லை, ஸ்ட்ரீம்தான் செய்தேன்” என்ற சமாதானம் ஐரோப்பாவில் அன்றோடு போயிற்று.

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 52(1)(சி) பிரிவைப் பாருங்கள். லிங்க் கொடுப்பதையும் அணுகலுக்கு வழி செய்வதையும் ஒட்டிய தற்காலிகச் சேமிப்புக்கு அது விலக்கு தருகிறது. ஆனால் உரிமையாளர் வெளிப்படையாகத் தடுத்திருக்கக் கூடாது, அது மீறல் பிரதி என்று பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்கவோ நம்பக் காரணம் இருக்கவோ கூடாது. உரிமையாளர் எழுத்துமூலம் புகார் கொடுத்தால் 21 நாள் அணுகலை நிறுத்த வேண்டும்.

எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வருவது இரண்டே கேள்விகள். உரிமையாளர் அனுமதி தந்தாரா? தரவில்லை என்று உனக்குத் தெரியுமா? மென்பொருளின் பெயர் இதில் எங்கும் வரவில்லை.

#8 · மொட்டைமாடி_ஆன்டெனா

வக்கீல் சார் சொல்றது சரிதான். ஆனா நெறியாளர் ஒவ்வொரு லிங்குக்கும் உரிமையாளரைத் தேடிக்கிட்டா இருக்க முடியும்? கிட்ஹப்ங்கிற நிரல் தளத்துல இருக்கிற ஐபிடிவி-ஆர்க் பட்டியலையே எடுத்துக்குங்க. ஆயிரக்கணக்கான சேனல் லிங்க். வீடியோ எதையும் தாங்கள் வெச்சிருக்கல, பொதுவெளியில கிடைக்கிற லிங்கைத்தான் தொகுக்கிறோம், உரிமையாளர் கேட்டா எடுத்துடுவோம்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதுல நிறைய சேனல் தங்களோட சொந்தத் தளத்துலயே இலவசமா ஓடுறவை. நடுவுல எங்கேயாவது ஒண்ணு கட்டணச் சேனலா இருக்கலாம். அந்த ஒண்ணுக்காக மொத்தப் பட்டியலையும் வாயில சொல்லக் கூடாதுன்னா, அதிகாரபூர்வ கிளையன்ட்டுக்கே வேலை இல்லாம போயிடும்.

#9 · பனங்காடு (நெறியாளர்)

@மொட்டைமாடி_ஆன்டெனா: அதனால்தான் மென்பொருளுக்குப் பதிலாக ஓடையை (ஸ்ட்ரீம்) பற்றிக் கேட்கலாம் என்று யோசிக்கிறேன். “இந்த எம்3யூ ஏன் கோடியில் திறக்கவில்லை?” என்று ஒருவர் கேட்டால் அது கோப்பைப் படிப்பதில் உள்ள (பார்சிங்) பிரச்சினை, பதில் சொல்லலாம். “கட்டணச் சேனல் எல்லாம் இருக்கும் எம்3யூ எங்கே கிடைக்கும்?” என்று கேட்டால் பூட்டு. கருவி ஒன்றுதான், கேள்வி வேறு.

#10 · லாக்_பாத்து_சொல்றேன்

நெட்ஃபிளிக்ஸ் ஆட்-ஆனுக்கு வரேன், இது எனக்குப் பிடிச்ச சிக்கல். நெட்ஃபிளிக்ஸ் அதை எழுதல. கோடியோட அதிகாரபூர்வ ரெப்போவுல அது கிடையாது. நெட்ஃபிளிக்ஸோட சேவை நிபந்தனைக்கு ஒத்துவராதுன்னு சொல்ல இடம் இருக்கு. ஆனா பாக்குறவர் சந்தா கட்டுறார், தன் கணக்குல லாகின் பண்றார், வைட்வைன்ங்கிற டிஆர்எம் (நகல் தடுப்புப் பூட்டு) முறைப்படி சாவி வாங்கி ஓடுது. படத்தை எடுத்தவனுக்குக் காசு போயிருச்சு. இதைப் போய் பைரசின்னு பூட்டுறது அபத்தம்.

இதுல இன்னும் ஆழமா போனா வேடிக்கை. ராஸ்பெரி பை மாதிரி சின்னக் கணினிக்கு வைட்வைன் நூலகத்தை (லைப்ரரி நிரல்) கூகிள் பல வருஷம் தனியா தரல. கோடியோட இன்புட்ஸ்ட்ரீம் ஹெல்பர்ங்கிற துணை ஆட்-ஆன் என்ன பண்ணும் தெரியுமா? குரோம் ஓஎஸ்ஸோட ரிகவரி இமேஜை (முழு இயங்குதள நகல்) ஒரு பெரிய ஃபைலா இறக்கி, அதைப் பிரிச்சு, உள்ளே இருக்கிற அந்த ஒரே ஒரு நூலகத்தை மட்டும் உருவி எடுத்து வெச்சுக்கும். திரையில “பிரித்தெடுக்கிறது”ன்னு ஒரு பட்டை மெதுவா நகரும், பழைய பைன்னா டீ போட்டுக் குடிச்சிட்டு வந்துடலாம். இந்த ஹெல்பர் அதிகாரபூர்வ ரெப்போவுலயே இருக்கு. “அதிகாரபூர்வம்னா சுத்தம், வெளியாள் எழுதினா திருட்டு”ன்னு கோடு போட்டா இதை எந்தப் பக்கம் வைப்பீங்க?

#11 · ஸ்காபரோ_சித்தப்பா

டிவிடி ரிப் பண்ணுறதுக்கும் ஒரு வரி எழுதுங்கோ. இஞ்ச கனடாவில 2012 பதிப்புரிமைச் சட்டத்தின்படி டிவிடியின்ர நகல் பூட்டை உடைச்சா, சொந்த டிவிடி எண்டாலும் தனிப்பட்ட பிரதிக்கான விலக்கு இல்லை. ஆனா எல்லா மீடியா சர்வர்க் குழுவிலயும் எந்த மென்பொருள், எந்த செட்டிங் எண்டு வெளிப்படையாத்தான் கதைக்கினம்.

#12 · நீதிமன்றவாசல்

உண்மை. அமெரிக்காவிலும் 1998-ஆம் ஆண்டின் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தில் அதே நிலைதான். இந்தியாவில் வேறு. 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு 52-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. ஆக, ஒரே செயல் சென்னையில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, டொரன்டோவில் பிரச்சினை. குழுவிதி எந்த ஊர்ச் சட்டத்தைப் பின்பற்றும்?

என் பார்வையில் குழுவிதி சட்டத்தின் நகலாக இருக்க வேண்டியதில்லை. தன் அலமாரியில் இருக்கும் டிவிடியை ரிப் செய்பவருக்கும் படமெடுத்தவருக்கும் இடையில் கணக்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. நாம் கவலைப்பட வேண்டிய ஆள் அவர் இல்லை.

#13 · கண்மாய்க்கரை

எல்லாரும் மெதுவா, நியாயமா பேசுறீங்க. எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. இந்த விதி தெளிவாவே இருக்கக் கூடாது.

கோடியோட கதையைப் பாருங்க. 2002-ல எக்ஸ்பாக்ஸ்ல படம் பாக்க எழுதின மென்பொருள், எக்ஸ்பிஎம்சின்னு வளர்ந்து 2014-ல பேர் மாத்துச்சு. எழுதுறவங்க எல்லாம் தன்னார்வலர்கள். அதுல ஒரு படம் கூடக் கிடையாது. ஆனா 2015-ல அமேசான் தன் ஆப் ஸ்டோர்ல இருந்து தூக்குச்சு, 2018-ல கூகிள் தேடல்ல “கோடி”ன்னு அடிச்சா தானா பூர்த்தி செய்யுறதை நிறுத்துச்சு. பெட்டிக்காரனும் யூடியூப்ல “ஃபுல்லி லோடட்” (எல்லா ஆட்-ஆனும் ஏத்தினது)னு கத்தினவனும் பண்ணின வேலைக்கு இவங்க பேர் கெட்டுச்சு. டிக்பாக்ஸ்னு ஒரு பெட்டிக்காரன் மேல நெட்ஃபிளிக்ஸ், அமேசான், ஹாலிவுட் கம்பெனி எல்லாம் 2017-ல வழக்குப் போட்டு, அடுத்த வருஷம் 25 மில்லியன் டாலருக்கு முடிஞ்சுச்சு. அவன் பெட்டிக்குள்ள ஓடினதும் கோடிதான்.

இவ்வளவு பட்ட பிறகும் நாம கோட்டை மில்லிமீட்டர் கணக்குல வரைஞ்சு காட்டினா என்ன ஆகும்? பெட்டிக்காரன் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நூல் இடைவெளி விட்டு நின்னுக்கிட்டு “விதியில இது இல்லையே”ன்னு வாதாடுவான். பூட்டணும்னு தோணினா பூட்டுற உரிமை நெறியாளருக்கு இருக்கணும். மங்கலா இருக்கிறதுதான் பாதுகாப்பு.

#14 · மொட்டைமாடி_ஆன்டெனா

யாருக்குப் பாதுகாப்பு கண்மாய்? காரணம் சொல்லாம பூட்டினா அந்த ஆள் திருந்திட மாட்டான், டெலிகிராம் குரூப்புக்குப் போவான். அங்க எவனோ ஒருத்தன் தர்ற ரெப்போவைக் கண்ணை மூடிக்கிட்டு நிறுவுவான்.

2018-ல ஈசெட்ங்கிற வைரஸ் தடுப்பு நிறுவனம் கண்டுபிடிச்சது ஞாபகம் இருக்கா? ரெண்டு மூணு ரெப்போ வழியா மொனேரோ மைனர் (அடுத்தவன் கருவியில கிரிப்டோ காசு உருவாக்குற தீநிரல்) பரவுச்சு. அதுக்கு அதைப் பரப்பினவன் புது ஆட்-ஆன் எதுவும் எழுதல. சிம்பிள்ஜேசன்னு ஏகப்பட்ட ஆட்-ஆன் நம்பியிருக்கிற நல்ல நூலகம், அப்போ ஒழுங்கான பதிப்பு 3.4.0. அதே பேர்ல 3.4.1-ன்னு ஒண்ணைத் தன் ரெப்போவுல வெச்சான். எண் பெருசா இருக்குன்னு கோடி தானாவே அப்டேட் பண்ணிக்குச்சு. டிவியில படம் ஓடிக்கிட்டிருக்கும், பின்னால எவனுக்கோ காசு அச்சாகும். இப்படிப்பட்ட ஓட்டையை அடைக்கத்தான் 19-ஆம் பதிப்புல, அதிகாரபூர்வ ஆட்-ஆனை அதிகாரபூர்வ ரெப்போவுல இருந்து மட்டும் புதுப்பின்னு ஒரு அமைப்பு வந்துச்சு.

இதைப் பத்தி இங்க பேசணும்னா அந்த ரெப்போ பேரைச் சொல்லித்தான் ஆகணும். விதி 4 இப்ப இருக்கிற லட்சணத்துல அந்த எச்சரிக்கைப் பதிவையே பூட்டணும்!

#15 · லாக்_பாத்து_சொல்றேன்

ஆமா, அதுகூடப் பரவாயில்ல. லாக் விஷயத்துக்கு ஒரு முடிவு சொல்லுங்க. ஒருத்தர் ஹெச்டிஎம்ஐ சத்தம் வரலைன்னு கேக்குறார். டீபக் லாக் (மென்பொருள் என்ன செஞ்சுதுன்னு எழுதுற பதிவு) போடுங்கன்னு சொல்றோம். கோடி தொடங்கும்போதே நிறுவியிருக்கிற ஒவ்வொரு ஆட்-ஆன் பேரையும் பதிப்பு எண்ணையும் லாக்ல வரிசையா எழுதிடும். நாப்பதாவது வரியில ஒரு தடை ஆட்-ஆன் தலைகாட்டுது. உடனே சில இடங்கள்ல “உங்களுக்கு உதவி கிடையாது”ன்னு பூட்டிடறாங்க. அவர் கேட்டது சத்தம் பத்தி!

ஆனா அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. அந்த மாதிரி ஆட்-ஆன் தன்னோட மாத்தி எழுதின நூலகங்களையும் கூடவே இழுத்துட்டு வரும், மேல சொன்ன 3.4.1 மாதிரி. எது கெட்டுச்சுன்னு தேடி மண்டை காய்ஞ்சு, கடைசியில அதுதான் காரணம்னு தெரியும்போது கடுப்பாகும். சம்பளம் வாங்காம உதவி பண்றவன் அந்த வேலையை ஏன் செய்யணும்?

#16 · கண்மாய்க்கரை

லாக் விஷயத்துல உங்க கட்சிதான் நான். சத்தம் வரலைன்னா சுத்தமான புரொஃபைல்ல (கூடுதல் ஆட்-ஆன் இல்லாத புது அமைப்பு) ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு லாக் போடச் சொல்லுங்க. திட்ட வேண்டாம், வேலையும் மிச்சம். மங்கல் விதியைப் பத்தின என் கருத்து மாறல.

#17 · நீதிமன்றவாசல்

@கண்மாய்க்கரை: மங்கலுக்கு எதிராக ஓர் உதாரணம். 2020 அக்டோபரில் இணைய வீடியோவை இறக்க உதவும் யூடியூப்-டிஎல் மென்பொருளை கிட்ஹப்பிலிருந்து அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் எடுக்கச் செய்தது. அவர்கள் சுட்டிக்காட்டியவற்றில் ஒன்று, சோதனை நிரலுக்குள் பிரபல பாடல் வீடியோக்களின் முகவரிகள் இருந்தன என்பது. இஎஃப்எஃப் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பின் வழக்கறிஞர்கள் விளக்கம் எழுதினார்கள். அந்தச் சோதனை வரிகள் மாற்றப்பட்டன. நவம்பரில் மென்பொருள் திரும்பி வந்தது. ஒரு மென்பொருளின் தலையெழுத்து, எடுத்துக்காட்டாக எதைக் காட்டுகிறோம் என்பதில் தொங்குகிறது. நம் குழுவிலும் ஸ்கிரீன்ஷாட்டில் புதுப்பட போஸ்டர் வரிசை தெரிந்தால், கேள்வி எவ்வளவு அப்பாவித்தனமாக இருந்தாலும் படிப்பவர் என்ன நினைப்பார்? இதையெல்லாம் விதியில் சொன்னால்தானே உறுப்பினருக்குத் தெரியும்?

#18 · பை_பிரியன்

சரி, ஒத்துக்கிறேன், பட்டியல் வேண்டாம். ஸ்ட்ரீமியோன்னு கோடி மாதிரி இன்னொரு மென்பொருள் இருக்கே, அதுக்கு என்ன வழி? அங்க ஆட்-ஆன் நம்ம கருவியில நிறுவுறதே இல்ல, யாரோ ஒருத்தர் சர்வர்ல ஓடுது, நாம முகவரியை மட்டும் சேர்க்கிறோம். முகவரியைச் சொல்றதே ஆட்-ஆனைக் கையில குடுக்கிற மாதிரி.

#19 · பனங்காடு (நெறியாளர்)

நல்ல புள்ளி, சேர்த்துக்கொள்கிறேன். வரைவு இதோ, வெட்டுங்கள்:

“விதி 4. நாங்கள் பார்ப்பது மென்பொருளின் பெயரை அல்ல, அதில் ஓடும் ஓடையை. உரிமையாளர் எல்லோருக்கும் திறந்து வைத்தது, நீங்கள் சந்தா கட்டியது, நீங்கள் வாங்கிய வட்டு: இவற்றை எந்தக் கருவியில் பார்க்க முயன்றாலும் இங்கே கேட்கலாம். உரிமையாளர் தராத ஓடையைத் தேடவோ, பெறவோ, வேகப்படுத்தவோ உதவி கேட்டால் இழை பூட்டப்படும். அப்படிப்பட்ட ரெப்போ முகவரி, சர்வர் முகவரி, பில்ட் (முன்கூட்டியே அமைத்த தொகுப்பு), எம்3யூ, ஸ்கிரீன்ஷாட் எதுவும் ஒட்டக் கூடாது. தீநிரல் எச்சரிக்கைக்காகப் பெயர் சொல்லலாம், முகவரி தரக் கூடாது. பெட்டி விற்பனைப் பேச்சு அறவே கிடையாது. லாகில் வேறு ஆட்-ஆன்கள் தெரிந்தால், சுத்தமான புரொஃபைலில் மறுபடி சோதித்துவிட்டு வாருங்கள். பூட்டும் நெறியாளர் ஒரு வரியில் காரணம் எழுதுவார். வேறு நாட்டு டிவியை விபிஎன் வழியாகப் பார்ப்பது பற்றிய கேள்விகளுக்கும் அனுமதி இல்லை.”

#20 · ஸ்காபரோ_சித்தப்பா

கடைசி வரி எனக்குச் சரிவரேல்லை. லண்டனிலயிருந்து ரெண்டு கிழமை லீவில யாழ்ப்பாணம் போன ஆள், டிவி லைசன்ஸ் காசு கட்டின ஆள், தன்ர பிபிசி ஐபிளேயரைத்தான் கேக்கிறார். அவர் ஐபிளேயர் ஆட்-ஆன் எடுத்ததும் அதிகாரபூர்வ ரெப்போவில. உங்கட விதியிலயே “காசு கட்டினது சரி” எண்டு மேல எழுதிப்போட்டுக் கீழ மறுக்கிறியள்.

#21 · நீதிமன்றவாசல்

அவர் கட்டியது பிரிட்டனுக்குள் பார்ப்பதற்கு. உரிமையாளர் நாடு வாரியாகத்தான் அனுமதி தருகிறார், ஆக வரைவின் தர்க்கப்படியே அது வெளியே. ஆனால் பெட்டி விற்பவரையும் இவரையும் ஒரே பத்தியில் நிறுத்துவது எனக்கும் உறுத்துகிறது.

#22 · கண்மாய்க்கரை

பாத்தீங்களா, கோடு வரைஞ்ச அரை மணி நேரத்துல நூல் இடைவெளியில ஒருத்தர் வந்து நிக்கிறார். 😄

#23 · பனங்காடு (நெறியாளர்)

சித்தப்பாவை நிற்கவிடுங்கள் கண்மாய், அவர் கேட்டதில் ஞாயம் இருக்கிறது. விபிஎன் வரியை வரைவிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குத் தனி இழை திறக்கிறேன், அதுவரை அந்தக் கேள்விகளை யாரும் பூட்ட வேண்டாம். மீதி வரைவு இன்றிலிருந்து அமலுக்கு வருகிறது. சுத்தமான புரொஃபைல் உருவாக்கும் வழிமுறையை @லாக்_பாத்து_சொல்றேன் படத்தோடு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணா, ஆண்ட்ராய்டு டிவிக்கும் சேர்த்து எழுதுங்கள், கேட்பவர்களில் பாதிப் பேர் அதில்தான் இருக்கிறார்கள்.